தண்ணீர் குடிக்கச் சொல்வதற்கு முன்

பங்குனி பிறந்ததும் நம் மாவட்டத்தில் பஸ் நிறுத்தங்களிலும் அரசு ஆஸ்பத்திரிச் சுவர்களிலும் வெயில் எச்சரிக்கைகள் வந்துவிடுகின்றன. தாகம் எடுக்காவிட்டாலும் தண்ணீர் குடியுங்கள், நண்பகல் 12 மணி முதல் 3 மணி வரை வெளியே போகாதீர்கள், ஓ.ஆர்.எஸ். கரைசல் பருகுங்கள், தளர்வான பருத்தி ஆடை அணியுங்கள். நான்கு வரி, மேலே ஒரு சூரியன் படம்.

முத்தையாபுரம், முள்ளக்காடு, தருவைகுளம், வேப்பலோடை பக்கங்களில் இருட்டோடு எழுந்து அளத்துக்குப் போகிற பெண்களுக்கும் சேர்த்துத்தான் இந்த நான்கு வரிகள். வண்டியில் நெருக்கியடித்து ஏறும்போது அவர்கள் பையில் சோற்று வாளியோடு ஒரு பாட்டில் தண்ணீரும் இருக்கும். வேலை முடிந்து திரும்பும்போதும் அந்தப் பாட்டிலில் தண்ணீர் மிச்சம் இருக்கும். மறந்துபோய் அல்ல. குடித்தால் ஒதுங்க வேண்டும். கண்ணுக்கெட்டிய தூரம் பாத்தியும் வரப்பும் தவிர மறைவுக்கு ஓர் உடைமரம்கூட இல்லாத வெட்டவெளியில் எங்கே ஒதுங்குவது? அதனால் அடக்கிக்கொள்கிறார்கள். அடக்க வேண்டியிருக்கும் என்று தெரிந்து குடிக்காமலே இருந்துவிடுகிறார்கள்.

உப்பளத் தொழிலாளர் என்றதும் கால் வெடிப்பையும் கண் கூச்சத்தையும் எல்லோரும் சொல்வார்கள். ராஜம் கிருஷ்ணன் இங்கே வந்து தங்கிப் பார்த்து எழுதிய ‘கரிப்பு மணிகள்’ நாவல் 1979-இல் வந்தது; அதிலிருந்து இன்றுவரை உப்பளம் பற்றிய எழுத்தில் அவை தவறாமல் வந்துவிடுகின்றன. நீர்க்கடுப்பையும் சிறுநீர்ப் பாதை எரிச்சலையும் மட்டும் பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதோடு சரி. உப்பளத்தில் கூலிக்கு நிற்பவர்களில் தலித் குடும்பங்கள் கணிசம். நிலமில்லாத மற்ற சாதியினரும் உண்டு. வெயில் சாதி பார்ப்பதில்லை என்று சொல்வார்கள். வெயிலில் நிற்க வைக்கிற ஏற்பாடு பார்க்கும்.

சுவரொட்டி எழுதியவர் தவறாக எதையும் எழுதிவிடவில்லை. மருத்துவப்படி நான்கு வரியும் சரியானவை. ஆனால் மக்களின் உடல்நலத்தை விளம்பரத்தால் திருத்திவிடலாம் என்ற முறைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதில் நம் தூத்துக்குடிக்கும் ஒரு பங்கு உண்டு. அதைத் தெரிந்துகொண்டால் இந்தப் பாட்டில் ஏன் தீரவில்லை என்பது விளங்கும்.

பதினைந்து பைசா நிரோத்

சோப்பு விற்பது போல நலவாழ்வையும் விற்கலாமே என்ற யோசனை ஒரு நாடு முழுவதற்கும் முதலில் செயலுக்கு வந்தது இந்தியாவில்தான். இதற்கு இப்போது சமூகச் சந்தைப்படுத்தல் என்று பெயர். லாப நோக்கம் இருக்காது. ஆனால் கம்பெனிகளின் வழிமுறைகள் அத்தனையும் இருக்கும். பொருளுக்கு ஒரு பெயர், கவர்ச்சியான பாக்கெட், மானியத்தால் குறைத்த விலை, கடைக்காரருக்குக் கொஞ்சம் கமிஷன், ஊரெங்கும் விளம்பரம்.

கல்கத்தாவிலுள்ள இந்திய மேலாண்மை நிறுவனத்தினர் 1964-இல் திட்டம் போட்டுக் கொடுத்தார்கள். 1968-இல் ‘நிரோத்’ ஆணுறை கடைக்கு வந்தது. மூன்று கொண்ட பாக்கெட் 15 பைசா. கடைகளில் கொண்டு சேர்க்கும் பொறுப்பை ப்ரூக் பாண்ட், லிப்டன், இந்துஸ்தான் லீவர், டாடா ஆயில் மில்ஸ், யூனியன் கார்பைடு, இன்று ஐ.டி.சி. எனப்படும் சிகரெட் கம்பெனி ஆகியவை ஏற்றன. தேயிலையும் சோப்பும் சிகரெட்டும் டார்ச் பேட்டரியும் போகிற கடைக்கெல்லாம் நிரோத்தும் போனது. முதலில் யோசித்த பெயர் ‘காமராஜ்’. மன்மதனை மனதில் வைத்து யோசித்திருக்கிறார்கள். காங்கிரஸ் கட்சித் தலைவரின் பெயரும் அதுதான் என்பதால் கைவிட்டார்கள். அந்தப் பெயரோடு சரக்கு விருதுநகரைக் கடந்து இங்கே வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கலாம்.

அந்தக் காலத்துச் சிவப்பு முக்கோணம் பலருக்கு நினைவிருக்கும். அதை உருவாக்கியதில் முக்கியமானவர் டி.கே. தியாகி என்ற அதிகாரி. அவர் பெயரின் முதலெழுத்துகளில்தான் பிற்பாடு அமெரிக்காவில் டி.கே.டி. இன்டர்நேஷனல் என்ற தொண்டு நிறுவனம் எழுந்தது. அதைத் தொடங்கிய ஃபில் ஹார்வி, அதற்கு முன்பே 1970-இல் டிம் பிளாக் என்ற மருத்துவரோடு சேர்ந்து பாப்புலேஷன் சர்வீசஸ் இன்டர்நேஷனல் என்ற அமைப்பைத் தொடங்கியிருந்தவர். பி.எஸ்.ஐ. என்று சுருக்கிச் சொல்வார்கள். ஆணுறை, கருத்தடை மாத்திரை, கொசுவலை, உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட் என்று ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளின் பெட்டிக்கடைகளில் இன்று தொங்குகிற பல பொருள்கள் இந்த வழியில் போனவை.

இந்த முறையில் நமக்குப் பிடித்த ஒன்று இருக்கிறது. காசு கொடுத்து வாங்குகிறவர் யாரிடமும் தன்னைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. அரசு ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதும்போது “எந்தத் தெரு?” என்று கேட்கிறார்கள். தெருவின் பெயரைச் சொன்னால் சாதியைச் சொன்னதாகிவிடும் ஊர்கள் நம் மாவட்டத்தில் இன்னும் எத்தனையோ உண்டு. துறைமுகச் சாலையோரப் பெட்டிக்கடையில் அந்தக் கேள்வி கிடையாது. காசை நீட்டினால் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்துவிடுவார்கள். இரட்டைக் குவளை பார்த்த சமூகத்துக்கு இது சின்ன விஷயமல்ல. ஆனால் கிராமத்துக்குள் போனால் கடை ஊரில் இருக்கிறது, வாங்க வேண்டியவர் காலனியில் இருக்கிறார். அங்கே அந்தக் கடைக்காரருக்கு எல்லோரையும் தெரியும்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். நிரோத் வந்து அரை நூற்றாண்டு ஆன பிறகும், 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். ஆண்களின் ஆபரேஷன் கணக்கில் சேர்க்க முடியாத அளவுக்குச் சொற்பம். ஆணுக்காகக் கடையில் பொருள் தொங்கியது. கத்தி வயிற்றில் விழுந்தது பெண்ணுக்கு.

துறைமுகத்துக்கு வந்த விளக்கு

முத்துக்குளிப்புக்குப் பேர்போன இந்தக் கரையில் அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் முடிந்தது. 1974-இல் தூத்துக்குடி நாட்டின் பெருந்துறைமுகங்களில் ஒன்றாக அறிவிக்கப்பட்டது. நிலக்கரி, உரம், உப்பு, மரத்தடி என்று சரக்கு பெருகப் பெருக லாரிகளும் பெருகின. வீட்டை விட்டு வாரக்கணக்கில் வெளியே இருக்கும் ஓட்டுநர்கள், கிளீனர்கள், மாலுமிகள், சுமைதூக்கும் கூலிகள். எந்தத் துறைமுகத்துக்கும் உள்ள கூட்டம்தான்.

இந்தியாவில் எச்.ஐ.வி. கிருமி முதன்முதலில் 1986-இல் சென்னையில்தான் கண்டறியப்பட்டது. மருத்துவர் சுனிதி சாலமனும் அவரிடம் பயின்ற செல்லப்பன் நிர்மலாவும் பாலியல் தொழிலாளர்களிடம் எடுத்த ரத்த மாதிரிகளில் அது தெரியவந்தது. 1994-இல் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் உருவானது. அடுத்த ஆண்டே சென்னை அடையாறு வாலன்டரி ஹெல்த் சர்வீசஸ் மூலமாக அமெரிக்க உதவியோடு ‘ஏபேக்’ திட்டம் வந்தது. நெடுஞ்சாலை லாரி நிறுத்தங்களில் ஆணுறைப் பிரச்சாரம் பெரிதாக நடந்தது இந்தத் திட்டத்தில்தான்.

பிறகு 2001 வாக்கில் பி.எஸ்.ஐ. அமைப்பு ‘ஆபரேஷன் லைட்ஹவுஸ்’ என்ற பெயரில் நாட்டின் 12 பெருந்துறைமுகங்களில் வேலை தொடங்கியது. தூத்துக்குடி அந்தப் பன்னிரண்டில் ஒன்று. பணம் யு.எஸ்.எய்டு கொடுத்தது. துறைமுகத்தைச் சுற்றியுள்ள கடைகளில் ஆணுறை எப்போதும் கிடைக்கச் செய்வது, தொழிலாளர்களிடம் நேரில் பேசுவது, ரத்தப் பரிசோதனைக்கு வழிகாட்டுவது, போனில் ஆலோசனை சொல்வது ஆகியவை திட்டத்தில் இருந்தன. அதன் பகுதியாக 2002 கடைசியில் மும்பை நகரெங்கும் ஒரு கேள்வி ஒட்டப்பட்டது: பல்பீர் பாஷாவுக்கு எய்ட்ஸ் வருமா? யார் அந்தப் பாஷா என்று ஊரே பேசியது. அதே பாணியில் தமிழ்நாட்டில் வந்ததுதான் நம் எல்லோருக்கும் நினைவிருக்கும் புள்ளிராஜா.

புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா? பஸ்ஸிலும் விளம்பரப் பலகையிலும் சுவரிலும் அந்தக் கேள்வி இருந்தது. ராஜா என்று பெயர் வைத்திருந்த பையன்கள் பள்ளிக்கூடத்தில் பட்ட பாடு கொஞ்சமல்ல. விளம்பரம் என்ற அளவில் அது பெரிய வெற்றிதான். ஊரில் யாரும் வாய்திறந்து பேசாத விஷயத்தை டீக்கடையில் பேச வைத்தது. கேலியாகவாவது பேசினார்கள்.

மும்பை விளம்பரத்தில் மஞ்சுளா என்று ஒரு பெண் வருவாள். பாஷா அவளிடம் மட்டும்தான் போகிறான், ஆனால் அவளிடம் மற்றவர்களும் வருகிறார்களே என்பது விளம்பரத்தின் வாதம். நோய்க்குப் பெண்ணைப் பொறுப்பாக்குகிறீர்கள் என்று பெண்கள் அமைப்புகள் எதிர்த்தன. எதிர்ப்பு நியாயமானது என்றே நமக்குப் படுகிறது. பாஷாவுக்கு வருமா என்று நாடே கேட்டது. மஞ்சுளாவுக்கு யாரிடமிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை.

நமக்கு அதைவிட உறுத்துகிற கேள்வி வேறு. சரி, புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வந்துவிட்டது, பிறகு? அந்தக் கேள்வி சுவரில் இருந்த நாளில் அரசு ஆஸ்பத்திரியில் அவனுக்கு இலவசமாக ஏ.ஆர்.டி. கூட்டு மருந்து கிடையாது. அது 2004 ஏப்ரல் 1-இல்தான் நாடு முழுவதும் எட்டே அரசு ஆஸ்பத்திரிகளில் தொடங்கியது. தாம்பரம் சானடோரியம் அவற்றில் ஒன்று. தூத்துக்குடி சுமைதூக்கும் தொழிலாளி மருந்துக்குத் தாம்பரம் போக வேண்டும். நோய் தெரிந்ததும் வேலையை விட்டு, வீட்டை விட்டு, பள்ளிக்கூடத்தை விட்டு விரட்டக்கூடாது என்று சட்டம் வந்தது 2017-இல். அது நடைமுறைக்கு வந்தது 2018 செப்டம்பரில். பயமுறுத்தும் கேள்வி முதலில் வந்தது. மருந்து அடுத்து வந்தது. பாதுகாப்பு பதினைந்து வருஷம் கழித்து வந்தது.

இவ்வளவு சொன்னாலும் ஆணுறைப் பிரச்சாரத்தில் ஒரு நேர்மை இருந்தது. சொன்ன செய்தியும் அதைச் செய்வதற்கான பொருளும் ஒன்றாகவே வந்தன. ஆணுறை போடு என்ற விளம்பரத்துக்கு நாலடி தள்ளியிருந்த கடையில் ஆணுறை இருந்தது. வெயில் சுவரொட்டியில் அதுதான் இல்லை.

1938-இல் கேட்டது

நாம் இப்படிப் பிரித்துப் பார்ப்பதற்கு முன்னோடி ஒருவர் உண்டு. 1938 நவம்பரில் பம்பாய் சட்டமன்றத்தில் குடும்பக் கட்டுப்பாடு பற்றி ஒரு தீர்மானம் வந்தது. கொண்டுவந்தவர் சுதந்திரத் தொழிலாளர் கட்சியைச் சேர்ந்த பி.ஜே. ரோஹம். உரையைத் தயாரித்துக் கொடுத்தவர் கட்சியின் தலைவர் அம்பேத்கர். தீர்மானம் அரசிடம் இரண்டு காரியங்களைக் கேட்டது. மக்களிடையே கருத்தடை பற்றித் தீவிரமாகப் பிரச்சாரம் செய்ய வேண்டும். அதைக் கடைப்பிடிக்கப் போதுமான வசதிகளையும் அரசே செய்து கொடுக்க வேண்டும். நிரோத் வருவதற்கு முப்பது வருஷம் முன்பு. தீர்மானம் தோற்றது.

பிரச்சாரம், வசதி. இரண்டையும் ஒரே தீர்மானத்தில் சேர்த்துக் கேட்டவர் குடிதண்ணீருக்காக மகாத் குளத்தில் இறங்கியவர். தாகமாக இருந்தால் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பது தெரியாமல் யாரும் மகாத்தில் தவித்து நிற்கவில்லை என்பதை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வசதி இல்லாத இடத்தில் பிரச்சாரம் மட்டும் நடந்தால் பழி கேட்பவர் தலையில் விழுகிறது. அளத்தில் ஒரு பெண் மயங்கி விழுந்தால், தண்ணீர் குடிக்கச் சொல்லித்தானே இருக்கிறோம் என்று பதில் வரும். இந்தப் பதில் நமக்குப் பழக்கமானது. சேரியில் காலரா வந்தால் சேரிக்காரர் சுத்தமில்லை என்பார்கள். சேரிக்குக் குழாய் வந்ததா என்று பார்க்க மாட்டார்கள்.

விலையும் மதிப்பும்

சமூகச் சந்தைப்படுத்தலின் ஆதரவாளர்கள் ஒன்றை அழுத்திச் சொல்வார்கள். சும்மா கொடுத்தால் மதிக்க மாட்டார்கள். கொஞ்சமாவது விலை வைத்தால்தான் வாங்கியவர் பயன்படுத்துவார். இலவசம் என்றாலே முகம் சுளிக்கிற நம்மூர்ப் பெரியவர்களின் வாதமும் இதுதான்.

கென்யாவில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஜெசிக்கா கோஹன், பாஸ்கலின் டூப்பா என்ற இரு பொருளாதார அறிஞர்கள் கர்ப்பிணிகளுக்குக் கொசுவலை கொடுக்கும் மருத்துவ நிலையங்களைப் பிரித்து, சிலவற்றில் இலவசமாகவும் மற்றவற்றில் வெவ்வேறு விலைக்கும் கொடுக்க வைத்தார்கள். ஏறக்குறைய 60 அமெரிக்க சென்ட் விலை வைத்ததும் வலையை வாங்குவோர் அளவு நூற்றுக்கு அறுபது புள்ளி விழுந்தது. இலவசமாக வாங்கியவர்கள், காசு கொடுத்து வாங்கியவர்களைவிடக் குறைவாகப் பயன்படுத்தியதாகவும் தெரியவில்லை. ஆய்வுக் கட்டுரை 2010-இல் வெளியானது. அதற்கு முன்பே, 2007-இல், உலக சுகாதார நிறுவனம் கொசுவலையை இலவசமாகவோ பெரும் மானியத்திலோ கொடுக்கும்படி பரிந்துரைத்துவிட்டது.

நம் நாட்டிலும் இரண்டு வழியும் உண்டு. மத்திய அரசு 2010-இல் கிராமப்புறப் பெண்பிள்ளைகளுக்கு ஆறு நாப்கின் கொண்ட பாக்கெட்டை ஆஷா பணியாளர் வழியாக 6 ரூபாய்க்கு விற்கும் திட்டத்தைக் கொண்டுவந்தது. தமிழக அரசு 2011–12-இல் ‘புதுயுகம்’ திட்டத்தில் இலவசமாகவே கொடுக்கத் தொடங்கியது. வளரிளம் பெண்கள், அரசு ஆஸ்பத்திரியில் பிரசவித்த தாய்மார், சிறையிலுள்ள பெண்கள் என்று பட்டியல். பட்டியலில் நாற்பது வயது உப்பளத் தொழிலாளி இல்லை. அவர் மக்கள் மருந்தகத்தில் ஒரு நாப்கினை ஒரு ரூபாய்க்கு வாங்கிக்கொள்ளலாம். வாங்குகிறார் என்றே வைத்துக்கொள்வோம். அதை எங்கே மாற்றுவார்? உப்புநீரில் கணுக்கால் வரை நின்று வாருபலகை தள்ளுகிற வேலை. நனைந்ததை மாற்ற ஒரு மறைவு, கைகழுவ ஒரு குடம் நல்ல தண்ணீர், போட ஒரு குப்பைக்கூடை. இந்த மூன்றும் எந்தப் பாக்கெட்டிலும் வராது.

உப்பும் வெல்லமும்

ஓ.ஆர்.எஸ். கதையும் நமக்குச் சம்பந்தமானதுதான். அதில் பாதி நம் சரக்கு. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஒரு லிட்டருக்கான பொடி 20.5 கிராம். அதில் சாதாரண உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், மீதி பொட்டாசியம் குளோரைடும் சிட்ரேட்டும். 1971-இல் வங்கதேச அகதிகள் முகாமில் காலரா பரவியபோது மருத்துவர் திலீப் மகலனாபிஸ் இதுபோன்ற கரைசலை வாய்வழியே கொடுத்து ஏராளமான உயிர்களைக் காப்பாற்றினார்.

வங்கதேசத்தில் பிறகு நடந்ததைத்தான் நம் மாவட்ட அதிகாரிகள் படிக்க வேண்டும். பிராக் என்ற தொண்டு நிறுவனம் 1980 முதல் பத்தாண்டுகள் பெண் ஊழியர்களை வீடு வீடாக அனுப்பியது. மூன்று விரலால் கிள்ளிய ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை லிட்டர் தண்ணீர். இதை ஒவ்வொரு தாயும் தன் கையாலேயே கலக்கப் பழக வேண்டும். ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் போனார்கள். ஊழியருக்குச் சம்பளம் எத்தனை வீட்டுக்குப் போனார் என்பதை வைத்து மட்டும் போடவில்லை. பிறகு வேறொருவர் போய் அந்தத் தாய்க்கு எவ்வளவு நினைவிருக்கிறது என்று பார்த்து அதற்கேற்பக் கொடுத்தார்கள். எத்தனை பாக்கெட் விற்றது, எத்தனை சுவரொட்டி ஒட்டினோம் என்ற கணக்கைவிட இது எவ்வளவோ மேல். அந்தத் தாயின் வீட்டில் உப்பும் வெல்லமும் இருந்தன என்பதையும் மறக்கக்கூடாது.

இங்கே நடந்தது நேர்மாறு. ஓ.ஆர்.எஸ். என்ற மூன்றெழுத்துக்கு மதிப்பு வந்ததும், சர்க்கரை மிகுந்த பழச்சுவைப் பானங்கள் அதே எழுத்துகளைப் போட்டுக்கொண்டு கடைக்கு வந்தன. வயிற்றுப்போக்குக்கு இதைக் கொடுத்தால் குழந்தைக்கு இன்னும் மோசமாகும் என்று ஐதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் வருஷக்கணக்கில் போராடினார். 2025 அக்டோபரில்தான் உணவுப் பாதுகாப்பு ஆணையம், உலக சுகாதார நிறுவனத்தின் கலவைப்படி இல்லாத எந்தப் பானமும் அந்தப் பெயரைப் போடக்கூடாது என்று உத்தரவிட்டது. அசல் பொடி ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். ஆனால் அளத்திலிருந்து வரும்போது புறநோயாளிகள் பிரிவு மூடியிருக்கும்; கடை திறந்திருக்கும்.

அயோடின் உப்பையும் இந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அயோடின் கலக்காத உப்பை உணவுக்காக விற்கக்கூடாது என்ற தடை 1998-இல் வந்து, 2000-இல் நீங்கி, 2006 மே மாதத்திலிருந்து மறுபடி நடைமுறையில் இருக்கிறது. அதற்கும் விளம்பரம் உண்டு, ஆதரவும் எதிர்ப்பும் உண்டு. ஆனால் அயோடினைக் கலக்கும் வேலையை யாரும் வீட்டுப் பெண்களிடம் கொடுக்கவில்லை. ஆலையிலேயே கலந்து அனுப்பச் சொன்னார்கள். உப்பை வாங்குபவரின் கழுத்துக் கழலைக்கு மூலத்திலேயே வழி செய்ய முடிந்தது. அதே உப்பை வாருபவரின் தாகத்துக்கு மட்டும் சுவரொட்டி போதுமா?

லாரி போகிற இடம்

2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் இறந்தால் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய். மழைக்காலத்தில் வேலையில்லாத உப்பளத் தொழிலாளர்களுக்கு 5,000 ரூபாய் நிவாரணமும் கொடுத்து வருகிறார்கள். இரண்டும் வரவேற்கத் தக்கவை. முன்னது செத்த பிறகு. பின்னது வெயில் இல்லாத மாதங்களில். சித்திரை, வைகாசியில் பாத்தியில் நிற்கும்போது என்ன?

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, குடிநீரும் ஆண், பெண்களுக்குத் தனித்தனிக் கழிப்பறையும் தருவது முதலாளியின் கடமை என்கிறது. பொதுவாகப் பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடங்களுக்கே இது பொருந்தும். சிறு சிறு குத்தகையாகப் பிரிந்து கிடக்கும் நம் அளங்களில் பல, பதிவேட்டில் பத்தைத் தொடாமல் போய்விடலாம். ஆகவே தனித்தனி அளத்தை எண்ணிக்கொண்டிருக்காமல், ஒரு பகுதியிலுள்ள அளங்களை ஒன்றாக எடுத்து உற்பத்தியாளர்களிடம் பொதுவாக வசதி செய்யச் சொல்வதுதான் மாவட்ட நிர்வாகத்துக்கு வழி. தொழிலாளர் துறை, உப்பு ஆணையரின் அலுவலகம், ஊராட்சிகள் மூன்றும் ஒரே மேசையில் உட்கார வேண்டிய வேலை இது.

அத்தனை பெரிய வெளியில் எங்கே கட்டுவது, யார் தண்ணீர் கொண்டுபோவது என்று வழக்கமாகக் கேட்கிறார்கள். வாரிய உப்பை அம்பாரமாகக் குவிக்கிற தட்டுமேடு ஒவ்வொரு அளத்திலும் இருக்கிறது. அங்கே வரை லாரி வருகிறது. வராவிட்டால் உப்பு வெளியே போகாது. உப்பு ஏற்ற வருகிற லாரிக்குப் பாதை இருக்கும்போது தண்ணீர் லாரிக்குப் பாதை இல்லை என்று சொல்ல முடியாது. தட்டுமேட்டில் ஒரு நிழல் கொட்டகை, பெண்களுக்குக் கதவும் தாழ்ப்பாளும் உள்ள இரண்டு நடமாடும் கழிப்பறைகள், ஒரு குடிநீர்த் தொட்டி. கழிப்பறையைச் சுத்தம் செய்யும் வேலையை அங்கே உப்பு வாருகிற தலித் பெண்ணின் தலையிலேயே கட்டாமல் அதற்குத் தனியாக இயந்திரமும் ஆளும் ஏற்பாடு செய்ய வேண்டும். இதைச் சொல்லாமல் விட்டால் எப்படி முடியும் என்பது நமக்குத் தெரியும்.

‘மக்களைத் தேடி மருத்துவம்’ ரத்த அழுத்த மாத்திரையோடு காலை பத்து மணிக்கு வீட்டுக் கதவைத் தட்டும்போது அளத்துக்காரர் வீட்டில் இருப்பதில்லை. அரசு அதைத் ‘தொழிலாளரைத் தேடி மருத்துவம்’ என்று வேலையிடங்களுக்கும் விரித்திருக்கிறது. தொழிற்சாலை வாசலில் நிற்கிற அந்தக் குழு, உப்பு வாரும் மாதங்களில் தட்டுமேட்டுக்கும் வரட்டும். வரும்போது ஒரு பெண் ஊழியரும் வரட்டும். நீர்க்கடுப்பை ஆண்களிடம் யாரும் சொல்ல மாட்டார்கள்.

இந்த வாரம் திங்கள்கிழமை மக்கள் குறைதீர் நாளில் மனு கொடுக்க விரும்பும் உப்பளத் தொழிலாளர்கள், எந்த அளம், எத்தனை பேர், அதில் பெண்கள் எத்தனை பேர், தட்டுமேட்டுக்கு லாரிப்பாதை உண்டா என்ற நான்கையும் எழுதி எடுத்துச் செல்லுங்கள். மனுவின் நகலில் முத்திரை வாங்காமல் திரும்ப வேண்டாம்.